ஊட்டி உயரம்

உருளை சுற்றி அடங்கி நின்ற பிறகும் ஜேக் வண்டியை விட்டு இறங்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த திரை 10.1 என்று காட்டிக்கொண்டிருந்தது. சித்திரையில் இதே வண்டி இதே உருளையின் மேல் 13.1 காட்டியது. அந்த எண்ணை அச்சடித்து ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் இன்னும் பெட்ரோல் டேங்கின் மேல் பளபளத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு முறை முறுக்கினான். 10.1. சூடாகட்டும் என்று விட்டுவிட்டு மறுபடியும் முறுக்கினான். அப்போதும் 10.1.

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ரித்விக்கின் ஷெட் இருந்தது. அவன் தாத்தா காலத்தில் பம்ப் செட் மோட்டார் செய்த இடம். இப்போது அங்கே பழைய மோட்டார் சைக்கிள்களின் குதிரைத்திறனை அளந்தார்கள், கூட்டியும் கொடுத்தார்கள். தரையில் பதித்த இரும்பு உருளையின் மேல் பின்சக்கரத்தை ஏற்றி, வண்டியை நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டி, முழுசாக ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் ஹெச்.பி. சொல்லும். டைனோ என்பார்கள். வேலைக்கு முன்னால் ஒரு ஓட்டம், வேலைக்குப் பின்னால் ஒரு ஓட்டம். நடுவில் நடப்பதெல்லாம் ஜேக்கின் கைவேலை. சிலிண்டரின் உள் துவாரங்களை அரத்தால் ராவி அகலமாக்குவான், பெரிய கார்புரேட்டர் போடுவான், சைலன்சரை அறுத்து மாற்றுவான். ஓட்டும்போது அவன் வண்டி மேல் இருப்பான், ரித்விக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான். இரண்டு வருடமாக அப்படித்தான்.

இன்று ரித்விக் இல்லை. உடுமலைப்பேட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிக் கிளப்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லோர் முன்னிலையிலும் வண்டிகளை ஏற்றி ஓட்டிக் காட்டும் நாள். அதற்கு முன்னால் அவர்களில் ஒருவனான அபிலாஷின் வண்டியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் ஜேக் தனியாக ஏற்றினான்.

வண்டியில்தான் கோளாறு என்று நினைத்தான். வேறு என்ன நினைக்க முடியும்? மத்தியானம் முழுக்க எஞ்சினைப் பிரித்தான். பிஸ்டனில் கீறல் இல்லை. ரிங் நன்றாக இருந்தது. பிளக் வறண்டு, இருக்க வேண்டிய நிறத்தில் இருந்தது. ராவிய துவாரங்களுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பைக் கிளப்பில் எல்லோரும் புகழ்வார்கள். கறுப்புப் பிசின் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துணியில் துடைத்தான். போகவில்லை. வாங்கி வைத்திருந்த டீயின் மேல் ஆயில் புகை படிந்து ஏடு மாதிரி மிதந்தது. அதையே குடித்துவிட்டுத் துப்பினான்.

பழைய ஓட்டத்தின் கோட்டைப் பார்க்கலாம் என்று ரித்விக்கின் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. இடம்: துடியலூர். சுட்டியை அதன் மேல் வைத்தான். கீழே இன்னொரு பெயர் திறந்தது. ஊட்டி.

மலை மேல் காற்று மெலிந்திருக்கும். அங்கே எந்த எஞ்சினும் மூச்சு வாங்கும், திறன் குறையும். மலையில் அளந்த வண்டியையும் சமவெளியில் அளந்த வண்டியையும் ஒரே தராசில் வைப்பதற்காக, அந்தக் குறைவை ஈடுகட்டிக் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் கொடுக்கும். ஊருக்குத் தகுந்த உயரத்தைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஜேக்குக்கு இது தெரியும். பீளமேட்டில் மோட்டார் சோதிக்கும் வேலையில் பதினைந்து வருடம் இருந்தவன்.

ஊட்டியை அழுத்தினான். சுவரில் 10.1 அழிந்து 13.0 வந்தது.

உருளை அசையவில்லை. எஞ்சின் நாலு துண்டாகப் பென்ச்சின் மேல் கிடந்தது. மூன்று குதிரை கூடிவிட்டது.

பிறகு அபிலாஷின் வண்டிக்கு வேலைக்கு முன்னால் ஓட்டிய ஓட்டத்தை எடுத்தான். அது துடியலூர் கணக்கில் இருந்தது: 10.4. அதாவது அவன் தொடுவதற்கு முன்னால் பத்தரைக்குக் கிட்டத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வண்டி, அவன் ராவி, அறுத்து, பெரிதாக்கிக் கொடுத்த பிறகு குறைந்திருந்தது. கூடியது சத்தம் மட்டும்தான்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டிவிட்டுத் தன் வண்டியை ஏற்றினான். டேங்கின் மேல் 14.2 ஸ்டிக்கர். கிளப்பிலேயே அதுதான் பெரிய எண். அதைச் சொல்லித்தான் மற்ற எல்லா வண்டியும் அவனிடம் வந்தது. முறுக்கினான். 11.0 காட்டியது. வேலைக்கு முன்னால் அது 11.2 இருந்தது. மறக்கக்கூடிய எண் அல்ல.

வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. வெளியே போய்க் குழாயடியில் நின்று துப்பினான். போத்தனூரிலிருந்து காரமடை வரைக்கும் எத்தனை சிலிண்டருக்குள் அவன் அரம் போயிருக்கிறது. அந்த ஓட்டைகள் எல்லாம் இப்போது அவனைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

*

சனிக்கிழமை மத்தியானம் ரித்விக் வந்தான். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கீபோர்டின் பக்கத்தில் வைத்து, அதிலிருந்து லட்டை எடுத்துப் பிட்டான்.

"ஜேக்கண்ணா, எடுத்துக்கங்க. நெய்யில புடிச்சது."

"இந்தக் கட்டத்துல ஊட்டின்னு ஒண்ணு இருக்குதுங்களே தம்பி. அது என்னங்க?"

ரித்விக் மென்றுகொண்டே திரையைப் பார்த்தான். முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. தெருவில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்தவன் மாதிரி இருந்தான்.

"அடடா. பாத்துபோட்டீங்ளா."

"எப்பத்துல இருந்துங்க?"

"மொத வண்டிலருந்துங்ணா."

லட்டுத் தூள் கீபோர்டில் உதிர்ந்தது. சுண்டுவிரலால் அதை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான்.

"ஞாபகம் இருக்குதுங்ளா, அந்த மொத வண்டி? நீங்க பீளமேட்டு வேலைய உட்டுபோட்டு வந்த புதுசு. அப்ப சுவத்துல ஸ்கிரீன் மாட்டல, என்ற டேபிள்லதான். நீங்க ஓட்டி முடிச்சுப்போட்டு வண்டி மேல உக்காந்தவாக்குலயே திரும்பி, 'எவ்வளவு ஏறுச்சுங்க தம்பி'ன்னு கேட்டீங்க. ஏறவே இல்லீங்ணா. எறங்கியிருந்துச்சு. உங்க மூஞ்சியப் பாத்துட்டு அத எப்படீங்ணா சொல்றது? மனசு கேக்கல. கையி தன்னால ஊட்டிக்குப் போயிருச்சு."

"எனக்காகப் பண்ணுனீங்க."

"அப்ப உங்களுக்காகத்தானுங்ணா. பொறவு பழகிப்போச்சு. வாரவங்களும் சந்தோசமாப் போறாங்க. யாருக்கு என்ன நட்டம்?"

"சிலிண்டர ராவியிருக்கேனுங்க தம்பி. ராவுன இரும்பு திரும்ப வளருமுங்களா?"

ரித்விக் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடுகிறவனின் சிரிப்பு.

"இந்த ஷெட்டுல எங்க தாத்தா வெங்கடபதி என்ன பண்ணுனாருன்னு தெரியுமுங்ளா? ஏழரை ஹெச்.பி. மோட்டாருக்கு அஞ்சுன்னு பிளேட்டு அடிச்சுக் குடுத்தாரு. தோட்டத்துக்காரருக்குக் கரண்டு அஞ்சுக்குத்தான் குடுத்திருப்பாங்க. தண்ணி ஏழரைக்கு வேணும். வந்து நின்னு கேக்கறவங்கள இல்லைன்னு அனுப்ப முடியுங்ளா? தாத்தா கொறச்சுப் போட்டாரு, நான் கூட்டிப் போடறேன். குடும்பத்துக் கணக்கு நேராப் போச்சுன்னு வெச்சுக்கங்களேன்."

அந்த நகைச்சுவையைச் சொல்லிவிட்டு மீதி லட்டை நீட்டினான். ஜேக் வாங்கிக்கொண்டான். நெய் உள்ளங்கையில் கசிந்தது. ரித்விக் போன் பேச வெளியே போனதும் அதைக் கழிவு ஆயில் தகர டின்னுக்குள் போட்டான். மஞ்சள் உருண்டை கொஞ்சநேரம் கறுப்பில் மிதந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போனது.

ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவன் பரிதாபப்பட்டிருக்கிறான். இரண்டு வருடமாக, ஒவ்வொரு வண்டிக்கும், மரியாதையாக.

*

சாயங்காலம் போத்தனூரில் வீட்டுக்கு வந்து சோப்பைத் தேங்காய் நாரில் போட்டுக் கையைத் தேய்த்தான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. சோறு முன்னால் வைத்தபோது அந்தக் கையால் பிசைய அருவருப்பாக இருந்தது.

"உடம்பு சரியில்லீங்களா?" என்றாள் அவன் மனைவி ரூத்.

ரூத் மனதில் பட்டதைச் சொல்கிறவள். போன மழைக்காலத்தில் அவன் பின்னால் உட்கார்ந்து போத்தனூர் மேம்பாலம் ஏறும்போது, "முன்னாடியெல்லாம் இந்த வண்டி ரெண்டு பேர வெச்சுட்டு அலுங்காம ஏறும். இப்ப சத்தந்தான் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது" என்றாள். அவனுக்குக் கோபம் வந்தது. பதினாலு ஹெச்.பி. என்றால் என்ன என்று அவளுக்கு வீடு வந்து சேரும்வரை விளக்கினான். அவள், "எனக்கு ஹெச்.பி. எல்லாந் தெரியாது, என்ற முதுகுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். கட்டத்தை, ஊட்டியை, லட்டை. சொல்லி முடித்ததும், "மேம்பாலத்துல நீ சொன்னதுதான் சரி" என்றான்.

பார்த்தீர்களா என்று ரூத் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரசத்தை ஊற்றும்போது அவன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

"நாளைக்குக் கிளப்பு ஆளுங்க எல்லாத்து முன்னாடியும் சொல்லிப்போடறேன்" என்றான். "சொன்னாத்தான் இந்த நாத்தம் போகும்."

"சாப்பிடுங்க" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மோர்ப் பானை, நெகிழித் தம்ளர்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சுற்றி ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சீவிய தாடி, கையுறை, தோல் ஜாக்கெட்டுக்குள் வியர்வை. ஒருவர் தன் வண்டியின் சைலன்சருக்குப் பக்கத்தில் போனை நீட்டிச் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தார். புகை அவர் முகத்திலேயே அடித்தது. அவர் கண்ணை மூடி அதை உள்ளே இழுத்தார். நேற்றைக்கு முந்தின நாள் வரை தானும் இப்படித்தானே நின்றிருப்போம் என்று நினைத்துக்கொண்டே ஜேக் ரித்விக்கிடம் போனான்.

"இன்னைக்கு நீங்க ஓட்டுங்க தம்பி. நான் கம்ப்யூட்டர்ல உக்காந்துக்கறேன்."

ரித்விக் ஒரு கணம் அவனைப் பார்த்தான். "உங்க இஷ்டமுங்ணா" என்று சொல்லி அபிலாஷின் வண்டியில் ஏறினான். அபிலாஷ் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். தன் வண்டி ஏறுவதால் முன்வரிசையில் நின்றான். கூட வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான்.

வண்டி கத்தியது. தகரக் கூரை அதிர்ந்தது. உருளை அடங்கியதும் சுவரில் எண் வந்தது. 10.1.

பின்னாலிருந்து யாரோ, "வெயிலுங்ணா. மத்தியானத்துல மிசினே கெறங்கிப்போயிரும்" என்றார். "ஆமாங்க, வோல்டேஜும் லோவாட்ட இருக்குது" என்றார் இன்னொருவர்.

ஜேக் எழுந்து நின்றான்.

"வெயிலும் இல்லீங்க, வோல்டேஜும் இல்லீங்க. இதுதான் இந்த வண்டியோட நெசமான நம்பரு. இத்தன நாளா வேலைக்குப் பொறவு ஓட்டறப்ப இந்த மிசின்ல ஊட்டின்னு போட்டிருக்குது. அதனால மூணு ஹெச்.பி. பொய்யாக் கூடியிருக்குது. நான் ராவுன எந்த வண்டியிலயும் ஒண்ணும் ஏறல. என்ற வண்டியிலயுந்தான். எறங்கியிருக்குது."

திட்டுவார்கள் என்று நின்றான். ஒருவனாவது சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தான். உள்ளுக்குள் அதற்காகக் காத்திருந்தான் என்றே சொல்லலாம்.

யாரும் திட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலியை அவன் பின்னால் நகர்த்தி, "உக்காருங்ணா மொதல்ல" என்றார். இன்னொருவர் ஒரு தம்ளர் மோரைக் கையில் கொடுத்தார். "அண்ணன் நெம்ப நாளா லீவே போடாம வேலை செஞ்சுட்டு இருக்காப்டி" என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது. மோரில் கறிவேப்பிலையும் ஒரு தலைமுடியும் மிதந்தன.

அபிலாஷ் அவன் தோளில் கை வைத்து ஷெட்டின் பின்பக்கம், பழைய மோட்டார் உறைகள் குவிந்திருந்த இடத்துக்கு நடத்திப் போனான்.

"ஏனுங்ணா, இதெல்லாம் எதுக்குங்ணா எல்லாரு முன்னாடியும்?"

"உங்க வண்டியக் கெடுத்துட்டனுங்க அபிலாஷ்."

"தெரியுமுங்ணா."

ஜேக் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ற பிரெண்டு ஒருத்தன்கிட்ட இதே வண்டி, கம்பெனில வந்தவாக்குல இருக்குது, கை வெக்காதது. அவிநாசி ரோட்டுல போன மாசம் என்னைய அலட்டிக்காம தாண்டிப் போயிட்டான். அன்னைக்கே வெளங்கிருச்சு."

"சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"எப்படீங்ணா சொல்றது? நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வேல. உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருமுல்ல." அபிலாஷ் நிஜமாகவே சங்கடப்பட்டான். காலால் ஒரு துரு உறையை உருட்டினான். "இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு ஏதோ இருக்குதுன்னு தெரியுமுங்ணா. யாரும் பேசிக்கறதில்ல. ஸ்டிக்கரு நல்லாத்தான் இருக்குது. போட்டோ போட்டா ஆபீஸ்ல நூறு பேரு பாக்கறாங்க."

சற்றுப் பொறுத்து, குரலை இறக்கி, "அந்த ஊட்டிய வெச்சு ஒருக்கா ஓட்டிருங்ணா. கூட வந்த பசங்க பாத்துட்டு நிக்கறாங்க" என்றான்.

ஜேக்கின் கையில் மோர்த் தம்ளர் இன்னும் இருந்தது. அதை மோட்டார் உறைக்குள் கவிழ்த்தான்.

அவன் திரும்பி வருவதற்குள் ரித்விக் வண்டியிலிருந்து இறங்கிக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தான். "சின்ன செட்டிங்குங்க, இப்ப சரியாப்போச்சு" என்று கூட்டத்துக்குச் சொன்னான். மறுபடி ஓட்டக்கூட இல்லை. சுவரில் 13.0 வந்தது.

கை தட்டினார்கள். நிம்மதியாக, கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். "ஜேக்கண்ணன் கை வெச்சா சும்மாவா" என்று ஒரு குரல் வந்தது. அபிலாஷ் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். ஜாக்கெட்டில் வியர்வையும் ஆயிலும் சேர்ந்து நாறியது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சுவரில் அந்த எண் ஏறிய கணத்தில், கை தட்டிய கணத்தில், எல்லாம் தெரிந்தும், முந்தாநாள் குழாயடியில் துப்பியும், ஜேக்கின் நெஞ்சு ஒரு விரற்கடை உயர்ந்தது. அவன் அதைக் கேட்கவில்லை. தானாக உயர்ந்தது. தட்டு வைத்த சத்தத்துக்கு வாலாட்டுகிற நாய் மாதிரி.

அந்த நாயைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தான். ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, டேங்கின் மேலிருந்த 14.2 ஸ்டிக்கரை நகத்தால் பிய்த்தான். மேல்தாள் வந்தது. பசை வரவில்லை. கவுண்டம்பாளையம் வருவதற்குள் அந்த வட்டத்தில் ரோட்டுத் தூசியெல்லாம் ஒட்டி, சொறி பிடித்த இடம் மாதிரி ஆகிவிட்டது.

*

ரூத் கோயிலில் ஆராதனை முடிந்து தன் அக்கா வீட்டில் இருந்தாள். வெயில் தாழ்ந்த பிறகு போய் அவளை ஏற்றிக்கொண்டான். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. டேங்கில் இருந்த அழுக்கு வட்டத்தைப் பார்த்தாள். சேலையை ஒதுக்கிப் பின்னால் உட்கார்ந்தாள்.

போத்தனூர் மேம்பாலம் வந்தது. மூன்றாவது கியரில் ஏற ஆரம்பித்தான். பாதி ஏற்றத்தில் எஞ்சின் திக்கியது. இரண்டாவதுக்கு மாற்றினான். சைலன்சர் அலறியது, வண்டி நகர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வயதானவர் மொபெட்டில் இரண்டு தவிட்டு மூட்டையோடு அவர்களைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே ரயில் ஒன்று கிளம்புவதற்காக நின்றுகொண்டிருந்தது.

முதல் கியருக்கு இறக்கினான். உலகத்தில் ஒருத்தியாவது உள்ளதைச் சொல்லுவாள் என்று இருந்தது. முதுகுக்குத் தெரியும் என்று சொன்னவள் ஆயிற்றே.

தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"எப்படி ஏறுது?"

ரூத்தின் கை அவன் தோளில் இருந்தது. அது லேசாக இறுகியது. நேற்று ரசம் ஊற்றும்போது அவள் பார்த்த பார்வை அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே பார்வையைத்தான் ரித்விக்கும் அந்த முதல் வண்டியின்போது பார்த்திருப்பான்.

"நல்லாத்தானுங்க இழுக்குது" என்றாள். "இன்னைக்கு நெம்ப நல்லாத்தான் இருக்குது."

வண்டி கத்திக்கொண்டே பாலத்தின் உச்சிக்கு ஊர்ந்து போனது. புகை பின்னால் போகாமல் காற்றில் திரும்பி இருவர் முகத்திலும் படிந்தது. ஜேக் வாயை மூடிக்கொண்டான். துப்ப வேண்டும்போல் இருந்தது. அவள் பின்னால் இருந்ததால் விழுங்கிக்கொண்டான்.